கோல்ட் ஹார்பரில் நீங்கள் பார்த்தது அசல் பதுங்குகுழிதானா?

கேட்டவர் வர்ஜீனியாவில் உள்ள கோல்ட் ஹார்பர் போர்க்களப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வீரர்கள் வெட்டிய பதுங்குகுழிகள் என்று பலகை வைத்திருந்த இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளமும் அதை ஒட்டி ஒரு மண்மேடும்தான் இருந்ததாம். இது உண்மையிலேயே 1864-ல் வெட்டியதா, இல்லை வருகிறவர்களுக்குக் காட்ட அப்புறம் வெட்டியதா, 160 வருஷ மழையில் வெறும் மண் கரையாமல் இருக்குமா என்று கேட்கிறார். கேள்வியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: இத்தனை ஆழம் குறைந்த குழியில் ஒரு ஆள் எப்படி உயிர் பிழைத்திருப்பான்? அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக மண் அரிப்பைத் தடுக்கும் வேலை பார்க்கிறேன். சாலைச் சரிவு, கால்வாய்க் கரை, வெட்டிப்போட்ட மண்மேடு இவைதான் என் அன்றாடம். வர்ஜீனியாவில் வேலை கிடைத்த பிறகு, வார இறுதிகளில் இந்தப் போர்க்களங்களை நடந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதனால் மண்ணைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். போரைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தும் கேட்டும் சரிபார்த்தும் தெரிந்துகொண்டவை.

நேரடியான பதில்: நீங்கள் பார்த்தது அசல். கோல்ட் ஹார்பரில் பாதையை ஒட்டிக் காட்டுக்குள் ஓடும் அந்த மேடும் பள்ளமும் 1864 ஜூன் மாதத்தில் வீரர்கள் வெட்டியவை. புதிதாகக் கட்டிய மாதிரிகளும் சில இடங்களில் உண்டு. பெட்டர்ஸ்பர்க் போர்க்களத்திலும், அதற்குப் பக்கத்தில் உள்ள பாம்ப்ளின் பூங்காவிலும் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். உள்பக்கம் மரத்தடிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும், மண் நிரப்பிய மூங்கில் தட்டி போன்ற பின்னல் கூடைகள் வரிசையாக நிற்கும், சுவர் செங்குத்தாக இருக்கும். காட்டுக்குள் இலை மூடி, முனை மழுங்கி, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடக்கிறதே, அதுதான் பழையது.

ஆழம் ஏன் குறைவு என்பதற்கு வருகிறேன். குழியைப் பார்க்கிற எல்லோரும் பள்ளத்தை மட்டும் அளக்கிறார்கள். வெட்டியவன் அப்படி யோசிக்கவில்லை. இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டி, அந்த மண்ணையே எதிரி இருக்கும் பக்கம் இரண்டரை அடி உயரத்துக்குக் குவித்தால் மொத்தம் ஐந்து அடி மறைவு கிடைத்துவிடும். அன்றைய வீரனின் சராசரி உயரமே 5 அடி 8 அங்குலம்தான். அதாவது தோண்டுவது பாதி, குவிப்பது பாதி. குவித்த மண் சரியாமல் இருக்க உள்பக்கம் மரத்தடிகளையோ, பக்கத்து வயல் வேலியில் பிடுங்கிய கட்டைகளையோ அடுக்கினார்கள். பல இடங்களில் மேட்டின் உச்சியில் ஒரு பெரிய மரத்தடியைக் கிடத்தி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில் சில அங்குலம் இடைவெளி விட்டார்கள். அந்த இடுக்கு வழியாகச் சுட்டால் தலை வெளியே தெரியாது. பீரங்கிக் குண்டு பட்டு அந்தத் தடி உருண்டால் கீழே இருப்பவன் நசுங்குவானே என்று, குழிக்குக் குறுக்கே சாய்வாகச் சில கம்புகளையும் போட்டு வைத்தார்கள். தடி அந்தக் கம்புகள் மேல் உருண்டு, ஆட்களின் தலைக்கு மேலாகப் பின்பக்கம் போய் விழும்.

இப்போது அந்த மரம் எதுவும் இல்லை. போர் முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் விறகுக்கும் வேலிக்கும் எடுத்துப் போனார்கள், மிச்சம் மக்கிப்போனது. தாங்கிப் பிடித்த மரம் போனதும் மண் என்ன செய்யும் என்பது என் தொழிலில் முதல் பாடம். தளர்வாகக் குவித்த மண் செங்குத்தாக நிற்காது. சுமார் 30, 35 பாகை சாய்வுக்கு வரும்வரை சரிந்துகொண்டே இருக்கும், அப்புறம் அடங்கும். உச்சி மண் உள்பக்கப் பள்ளத்துக்குள் விழும். மேடு ஒரு அடி இறங்க, பள்ளம் ஒரு அடி ஏற, ஐந்து அடி மறைவு மூன்று அடியாகிவிடும். கவனித்துப் பாருங்கள், மண் பெரும்பாலும் எங்கும் போய்விடவில்லை. அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது படுத்துவிட்டது, அவ்வளவுதான். இந்த மாற்றத்தில் பெரும்பகுதி முதல் சில பத்தாண்டுகளிலேயே நடந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு இருப்பது கிட்டத்தட்ட ஓய்ந்த மண்.

சரி, மழை ஏன் அதைக் கரைக்கவில்லை? மண்ணை முதலில் பெயர்ப்பது ஓடுகிற தண்ணீர் இல்லை, விழுகிற துளி. வெறும் மண்ணில் ஒரு கனமான மழைத்துளி விழுந்தால் துகள்கள் தெறிக்கும். தெறித்ததைத்தான் ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போகும். காட்டுக்குள் அந்தத் துளி மண்ணைத் தொடுவதே இல்லை. மேலே கிளைகள் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். கீழே வருஷா வருஷம் உதிர்ந்த ஓக் இலை, பைன் ஊசி எல்லாம் மெத்தை மாதிரி கிடக்கும். அதற்கடியில் சல்லி வேர்கள் மண்ணைத் தைத்து வைத்திருக்கும். வயலாக உழுத இடங்களில் பதுங்குகுழிகள் ஓரிரு தலைமுறைக்குள் தரைமட்டமாகிவிட்டன. உழவன் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவன் நிலத்தில் அவன் சாப்பாட்டுக்கு விளைய வேண்டும். விளைச்சல் தராத மெலிந்த மண், யாரும் கண்டுகொள்ளாமல் காடாக விட்ட ஓரம், அங்கேதான் இவை பிழைத்தன. பூங்காக்கள் வந்தது மிகவும் பின்னால். பெட்டர்ஸ்பர்க் பூங்கா 1926-லும், ஸ்பாட்சில்வேனியா போர்க்களத்தை உள்ளடக்கிய பூங்கா 1927-லும், கோல்ட் ஹார்பர் சேர்ந்திருக்கும் ரிச்மண்ட் பூங்கா 1936-லும் சட்டப்படி அமைந்தன. அதற்கு முந்தைய அறுபது, எழுபது வருஷம் காவல் காத்தது காடுதான்.

அசல் என்று எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரும்புயலுக்கு மறுவாரம், வர்ஜீனியாவில் இன்னொரு போர்க்களத்தில் நடந்துகொண்டிருந்தேன். பதுங்குகுழி மேட்டின் மேலேயே வளர்ந்திருந்த ஒரு பெரிய ஓக் மரம் வேரோடு சாய்ந்திருந்தது. வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்க, மேட்டின் குறுக்குவெட்டு கத்தியால் அறுத்த மாதிரி தெரிந்தது. மேலே விரல் தடிமனுக்கு இலைமக்கு. அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக அடிமண். அதற்கும் கீழே, தொடையளவு ஆழத்தில், கறுத்த மேல்மண் ஒரு பட்டையாக ஓடியது. இயற்கையில் கறுப்பு மேலே இருக்கும், மஞ்சள் கீழே இருக்கும். இங்கே வரிசை தலைகீழ். அந்தக் கறுப்புப் பட்டைதான் குழி வெட்டுவதற்கு முன் புல் முளைத்திருந்த தரை. யாரோ ஒருவன் தோண்டித் தூக்கிப்போட்ட அடிமண் அதன்மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு மேடு மனிதன் குவித்ததா, தானாக அமைந்ததா என்று தொல்லியல்காரர்கள் பார்ப்பதும் இதைத்தான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். ஒரு மண்வெட்டி மண், அடுத்த மண்வெட்டி மண் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் திட்டுத்திட்டாக நிறம் மாறியது.

அதே காட்சி இன்னொன்றையும் சொல்கிறது. காக்கிற மரமே சாயும்போது அழிக்கவும் செய்கிறது. ஒரு மரம் போனால் ஐந்தாறு அடி நீளத்துக்கு மேடு பிய்ந்து போய்விடும். அதனால் மேட்டின் மேலேயே நிற்கும் வயதான, சாயக்கூடிய மரங்களை அடியோடு தோண்டாமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுவதை நல்ல பராமரிப்பு என்கிறோம். மரத்தையெல்லாம் எடுத்துவிட்டு புல் வைக்கலாமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. போர் நடந்தபோது பல இடங்களில் மரமே கிடையாது, சுடுவதற்குப் பார்வை வேண்டும் என்று முன்னாலிருந்த காட்டையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தத் திறந்தவெளியைக் காட்டினால்தான் போர் புரியும் என்பது ஒரு பக்கம். காட்டை எடுத்தால் மண் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். என் கருத்து இது: திறந்தே ஆக வேண்டிய இடத்தில் உயரமாக வளரும் நாட்டுப் புல்லை முதலில் நன்றாக வேர்பிடிக்க விட வேண்டும். கட்டையாக வெட்டிய பூங்காப் புல் வேலைக்கு ஆகாது, வெட்டும் இயந்திரமே மேட்டைச் செதுக்கிவிடும். மற்ற இடங்களில் காட்டை விட்டுவிடுவதே நல்லது.

ஆனால் மழையை விடவும் மரத்தை விடவும் பெரிய சேதம் செய்வது கால். ஒருவர் மேட்டின் மேல் ஏறி இறங்கினால் இலை விலகும். பத்துப் பேர் ஏறினால் வேர் அறுந்து மண் இறுகும். இறுகிய தடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும், ஓடும் இடம் ஓடையாகும். 160 வருஷம் தாங்கிய மேட்டை ஒரு கோடை விடுமுறைக் கூட்டம் அறுத்துவிடும் என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் அப்படி அறுந்த இடங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏறாதீர்கள் என்று பலகை வைத்திருப்பதன் காரணம் இதுதான். அப்புறம், கீழே கிடக்கும் தோட்டாவோ பொத்தானோ எதையும் எடுக்கக் கூடாது. உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

ஏன் 1864-ல் மட்டும் இத்தனை குழிகள் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். போரின் ஆரம்பத்தில் படைகள் ஓரிரு நாள் மோதிவிட்டு வாரக்கணக்கில் விலகியிருந்தன. தெற்குப் படையின், அதாவது அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன மாநிலங்களின் படையின், தளபதி ராபர்ட் லீ 1862-ல் அவர்களின் தலைநகரான ரிச்மண்டைச் சுற்றி அரண் வெட்டச் சொன்னபோது மண்வெட்டி ராஜா என்று கேலி செய்தார்கள். 1864 மே மாதம் அமெரிக்க அரசின் பக்கம் நின்ற வடக்குப் படையின் தளபதி கிரான்ட் விடாமல் துரத்த ஆரம்பித்ததும் இரண்டு படைகளும் தினம் தினம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நின்ற இடத்தில் தோண்டியே ஆக வேண்டிய நிலை. வடக்குப் படையின் தலைமையகத்தில் இருந்த தியடோர் லைமன் என்ற அதிகாரி ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: தெற்குப் படை ஒரு இடத்தில் நின்றால் முதல் நாளே நல்ல குழி, இரண்டாம் நாள் பீரங்கியோடு முழு மண்கரை, மூன்றாம் நாள் முன்னால் வெட்டிப்போட்ட கிளைகளின் வேலி. சில சமயம் மூன்று நாள் வேலையும் முதல் 24 மணி நேரத்திலேயே முடிந்துவிடும் என்கிறார்.

கோல்ட் ஹார்பரில் நடந்தது அதுதான். ஜூன் 2-ம் தேதி நடக்க வேண்டிய தாக்குதல், களைத்த படை வந்து சேரத் தாமதமானதால் ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாளில் தெற்குப் படை, நீங்கள் பார்த்த அந்தப் பதுங்குகுழி வரிசையை, வளைந்தும் மடிந்தும் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இரண்டு பக்கமிருந்தும் சுடுகிற மாதிரி வெட்டி முடித்துவிட்டது. ஜூன் 3 விடியற்காலை வடக்குப் படை திறந்தவெளியில் நடந்து வந்தது. முன்னேறவும் முடியாமல், எழுந்து பின்வாங்கவும் முடியாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தவர்கள் துப்பாக்கிக் கத்தியாலும் தகரக் குவளையாலும் வெறும் கையாலும் தமக்கு முன்னால் மண்ணைச் சுரண்டிக் குவித்தார்கள். இரவில் அந்தச் சின்னக் குழிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துப் பதுங்குகுழி ஆக்கினார்கள். நீங்கள் முழங்கால் ஆழம்தான் என்று பார்த்ததில் சில பகுதிகள் அப்படிப் பிறந்தவையாக இருக்கலாம். காயம்பட்டவர்களை எடுக்கச் சண்டை நிறுத்தம் ஜூன் 7-ம் தேதிதான் வந்தது. அதற்குள் பெரும்பாலானோர் இரண்டு கோடுகளுக்கும் நடுவிலேயே இறந்துபோயிருந்தார்கள். கடைசியாக நடத்திய அந்தத் தாக்குதலுக்காகத் தான் எப்போதும் வருந்தியதாகக் கிரான்ட் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் 7,000 பேர் விழுந்தார்கள் என்று எங்கும் படிப்பீர்கள். அந்த எண்ணிக்கை மிகை என்றும், காலைத் தாக்குதலில் விழுந்தவர்கள் அதில் பாதி அளவுதான் இருக்கும் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முந்தைய இரவு வீரர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள் என்ற கதையும் பிரபலம். அதைச் சொன்ன அதிகாரி முப்பது வருஷத்துக்கும் பிறகுதான் புத்தகமாக எழுதினார், அதனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறார்கள். அதே போல, குழலுக்குள் திருகுவரி வெட்டிய புதிய துப்பாக்கி சுடும் தூரம்தான் பதுங்குகுழியை உருவாக்கியது என்ற பழைய விளக்கத்தையும் இப்போது பலர் ஏற்பதில்லை, தொடர்ந்து நெருக்கத்தில் இருந்ததே காரணம் என்கிறார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழி இங்கேதான் பிறந்தது என்பதும் மிகை. கிரிமியப் போரில், 1854-55-ல் நடந்த செவாஸ்டபோல் முற்றுகையிலேயே இதெல்லாம் இருந்தது.

மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தால் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாமா? அவசரமாக வெட்டிய குழியில் சொல்லலாம்: பள்ளத்தில் நின்று மண்ணை எதிரி பக்கம் எறிவார்கள், ஆகவே மேடு எதிரியைப் பார்த்து இருக்கும். ஆனால் பெரிய கோட்டைகளில் பள்ளம் வெளிப்பக்கம் அகழி மாதிரி இருக்கும். பிடிபட்ட குழியை மற்றவர் தன் பக்கம் திருப்பிக்கொள்வதும் உண்டு. ஸ்பாட்சில்வேனியாவில் 1864 மே 12-ம் தேதி, ரத்தக் கோணம் என்று பெயர் பெற்ற வளைவில், ஒரே மண்சுவரின் உள்பக்கம் தெற்கும் வெளிப்பக்கம் வடக்குமாகக் கொட்டும் மழையில் சுமார் இருபது மணி நேரம் சண்டை போட்டார்கள். 22 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு ஓக் மரம் துப்பாக்கித் தோட்டாக்களாலேயே அறுபட்டு விழுந்தது. அதன் அடித்துண்டு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சண்டை முடிந்ததும் குழிக்குள் கிடந்தவர்கள் மேல் அந்த மண்சுவரையே தள்ளி மூடினார்கள். பிறகு பலரைத் தோண்டியெடுத்து வேறு இடங்களில் புதைத்தார்கள். ஃபிரெடரிக்ஸ்பர்க் தேசியக் கல்லறையில் மட்டும் 15,000-க்கும் அதிகமான வடக்கு வீரர்கள் இருக்கிறார்கள், பெரும்பான்மையோருக்குப் பெயர் தெரியாது. அந்த மேட்டின் மேல் கால் வைக்க எனக்கு மனம் வராததற்கு மண் அரிப்பு மட்டும் காரணம் இல்லை.

வீரர்கள் வெட்டிய குழி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதிலும் ஒரு திருத்தம் வேண்டும். கோல்ட் ஹார்பரில் அது சரி. ஆனால் பெட்டர்ஸ்பர்க்கைச் சுற்றி 1862-ல் ஆரம்பித்த டிம்மாக் கோடு, சுமார் 10 மைல் நீளமும் 55 பீரங்கி மேடைகளும் கொண்டது, அதன் பெரும்பகுதியை வெட்டியவர்கள் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள். தங்களைக் கட்டி வைத்திருக்கும் ஆட்சியைக் காக்க அவர்களை வைத்தே மண் சுமக்கச் செய்தார்கள். கோல்ட் ஹார்பரிலேயே 1865 ஏப்ரலில் ஜான் ரீக்கி எடுத்த ஒரு படம் இருக்கிறது: பத்து மாதமாகக் கிடந்த எலும்புகளையும் மண்டையோடுகளையும் சேகரித்துப் புதைக்கும் வேலையில் கறுப்பினத் தொழிலாளர்கள், ஒருவர் கேமராவைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். பலகைகளில் இவர்களுக்கு இன்னும் அதிக இடம் தர வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி, இலைகளின் இடுக்கு வழியே தரையை அளந்து வரைபடமாக்கும் முறை வந்த பிறகு, காட்டுக்குள் மறைந்திருந்த கோடுகள் ஏராளமாகத் தெரிகின்றன. இணையத்தில் அந்தப் படங்களைப் பார்த்து ஒவ்வொரு கோட்டையும் பதுங்குகுழி என்று எண்ணிவிடாதீர்கள். நில எல்லை வாய்க்கால், பழைய மரவண்டித் தடம், வடிகால் எல்லாம் மேலிருந்து ஒரே மாதிரி இருக்கும். பெட்டர்ஸ்பர்க் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. 1917-ல் போர்க்களத்தை ஒட்டி கேம்ப் லீ என்ற ராணுவப் பயிற்சி முகாம் வந்து, பிரான்சுக்குப் போகவிருந்தவர்களுக்குப் பதுங்குகுழிப் பயிற்சி கொடுத்தார்கள். தரையில் நடந்து பார்க்காமல், பழைய வரைபடத்தோடு ஒப்பிடாமல் அங்கே எதையும் 1864 என்று எழுதிவிட முடியாது.

மறுபடி கோல்ட் ஹார்பர் போனால் டிசம்பரிலோ ஜனவரியிலோ போங்கள். இலை இருக்காது, வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் நிழல் நீளமாகக் கிடக்கும், வளைவுகள் அப்போதுதான் கண்ணுக்குப் படும். பாதையை விட்டு இறங்காமல், தெற்குப் படைக் கோட்டின் பின்னால் ஒரு இடத்தில் குனிந்து உட்கார்ந்து, கண்ணை மேட்டின் உச்சிக்கு நேராக வைத்துக் கிழக்கே பாருங்கள். வடக்குப் படை வந்தது அந்தத் திசையிலிருந்துதான். குழந்தைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.